துணையின் விசாவில் வாழ்வோரும் வேலை உரிமையும்: அமெரிக்க நடைமுறை

வேலைக்கோ ஆய்வுக்கோ அயல்நாட்டு அனுமதி பெற்றுச் செல்லும் ஒருவரைச் சார்ந்து, அவருடைய கணவரோ மனைவியோ அந்நாட்டில் தங்குவதற்குப் பெறும் அனுமதியே சார்பு விசா எனப்படுகிறது. தங்கும் உரிமையும் உழைத்துப் பொருளீட்டும் உரிமையும் ஒன்றல்ல என்பதும், முதலாவது கிடைத்தவருக்கு இரண்டாவது தானாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதும் பயணத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவை. அமெரிக்காவில் இந்த இரண்டாவது உரிமையைத் தீர்மானிப்பது சார்ந்து வருபவரின் படிப்போ அனுபவமோ அன்று. முதன்மை விசாவுக்கு உரியவர் எந்த வகையில் வந்திருக்கிறார், அவருடைய கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற இரண்டு செய்திகளே. ஆகவே சார்பு விசாவில் இருப்பவர் தம் துணையின் குடியேற்ற ஆவணங்களைத் தம்முடையவற்றைப் போலவே படித்துப் புரிந்துகொள்வது அவசியமாகிறது. பல குடும்பங்களில் அந்த ஆவணங்களைத் துணை மட்டுமே பார்த்திருப்பார் என்பதிலிருந்துதான் இவ்வியலில் சொல்லப்படும் சிக்கல்களில் பாதி பிறக்கின்றன.

வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது. ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி வரும் எல்-1 ஊழியரின் துணைக்கு வழங்கப்படும் எல்-2 விசாவில், வேலை செய்யும் உரிமை அந்த நிலையிலேயே அடங்கியிருக்கிறது. 2021 நவம்பரில் ஏற்பட்ட ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பின் எல்-2 துணைவருக்குத் தனி அட்டை தேவையில்லை. நாட்டுக்குள் நுழையும்போது பதிவாகும் வருகைப் பதிவான ஐ-94 ஆவணத்தில் 'எல்-2எஸ்' என்ற குறியீடு இருந்தால் அதுவே வேலை தருபவருக்குப் போதிய சான்று. அக்குறியீடு விடுபட்டிருந்தால் விமான நிலையச் சுங்க, எல்லைக் காவல் துறையின் திருத்தப் பிரிவை உடனே அணுகித் திருத்திக்கொள்வது நல்லது. முதலீட்டாளருக்கான இ-2 விசாவில் வருபவரின் துணைக்கும் இதே உரிமை உண்டு. இவ்விசா அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நாட்டினருக்கே உரியது; இந்தியா அந்நாடுகளில் இல்லை, இலங்கை இருக்கிறது. எனவே இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் ஒருவர் இ-2 விசாவில் தொழில் தொடங்கினால், அவருடைய துணை இந்தியக் குடிமகளாக இருந்தாலும் வேலைக்குச் செல்லலாம். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றோருக்கு மட்டுமே உரிய இ-3 விசாவின் துணைவருக்கும் அப்படியே. மாறாக, கனடியக் குடியுரிமை பெற்றவர்கள் வட அமெரிக்க வணிக உடன்பாட்டின் கீழ் டி.என். நிலையில் பணிக்கு வரும்போது, உடன்வரும் டி.டி. துணைவர் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு உழைக்க முடியாது. மாணவரின் துணைக்குரிய எஃப்-2 விசாவிலும் வேலைக்குத் தடை முழுமையானது. பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஆய்வாளரின் துணையான ஜே-2 விசாக்காரர் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். ஆனால் அந்த வருமானம் முதன்மை விசாக்காரரின் வாழ்க்கைச் செலவைத் தாங்குவதற்கானது அன்று என்று விண்ணப்பத்திலேயே விளக்க வேண்டும்.

தமிழர் குடும்பங்களில் மிகுதியானோரைத் தொடுவது, சிறப்புத் திறன் பணிகளுக்கான எச்-1பி விசாவில் வந்த ஊழியரின் துணைக்குரிய எச்-4 விசா. சிக்கல் மிகுந்ததும் அதுவே. எல், இ வகைத் துணைவர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2002 ஜனவரியில் சட்டமியற்றி வேலை உரிமை அளித்தபோது எச்-4 பிரிவினர் அதில் சேர்க்கப்படவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் விதி ஒன்றுதான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த வாயிலைத் திறந்தது. 2017 இறுதிவரை முதன்முறை அனுமதி பெற்ற ஏறத்தாழ 91,000 பேரில் 93 விழுக்காட்டினர் இந்தியாவில் பிறந்தவர்கள், 93 விழுக்காட்டினர் பெண்கள் என்ற கணக்கு இவ்விதி யாருடைய வாழ்வைத் தொடுகிறது என்பதைக் காட்டும். உள்நாட்டுத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர் அமைப்பு ஒன்று விதி வெளியானபோதே தொடுத்த வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் 2023 மார்ச்சிலும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2024 ஆகஸ்டிலும் தோல்வியுற்று, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க மறுத்ததோடு முடிவுக்கு வந்தது. இருப்பினும் இது துறை விதியே அன்றி நாடாளுமன்றச் சட்டம் அன்று. வரும் ஓர் அரசு உரிய நடைமுறையைப் பின்பற்றி அதைத் திரும்பப் பெற முடியும், 2017இல் அதற்கான முயற்சி தொடங்கி 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது.

எச்-4 துணைவர் அனைவருக்கும் இந்த உரிமை இல்லை என்பதுதான் புதிதாக வருவோர் பலரும் தவறாக அறிந்திருக்கும் செய்தி. அனுமதிக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, எச்-1பி ஊழியருக்காக அவருடைய நிறுவனம் தாக்கல் செய்த ஐ-140 மனு, அதாவது இவரை நிரந்தரப் பணியாளராக வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்ற குடியேற்ற மனு, ஏற்கப்பட்டிருப்பது. இரண்டாவது, எச்-1பி நிலைக்குரிய ஆறு ஆண்டு வரம்பு முடிந்த பின்னும், நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டுக்கான நடைமுறை தொடங்கி 365 நாட்கள் கடந்துவிட்டது என்ற காரணத்தால் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் ஊழியருக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்திருப்பது. "கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று நிறுவனம் வாய்மொழியாகச் சொல்வது இவற்றில் எதுவும் ஆகாது. உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை தரும் 'பெர்ம்' சான்று கைக்கு வந்துவிட்டாலும்கூட ஐ-140 ஏற்கப்படும்வரை முதல் வழி திறக்காது. ஆகையால் எச்-1பி வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே, கிரீன் கார்டு நடைமுறையை நிறுவனம் எந்த மாதத்தில் தொடங்கும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது, சம்பளத்தைப் பேரம் பேசுவதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது. வீட்டில் இருவர் சம்பாதிப்பார்களா ஒருவரா என்பது பெரும்பாலும் அந்த ஒரு தேதியைப் பொறுத்திருக்கிறது.

ஐ-140 ஏற்கப்பட்ட பின்னும் இந்தியாவில் பிறந்தோர் கிரீன் கார்டுக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்வதற்குக் காரணம், வேலை அடிப்படையில் ஆண்டுதோறும் வழங்கப்படும் சுமார் 1,40,000 கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தோருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பு. இங்கே பலர் கவனிக்காத ஒரு விலக்கு உண்டு. எந்த நாட்டு வரிசையில் நிற்பது என்பதைக் குடியுரிமை தீர்மானிப்பதில்லை, பிறந்த இடமே தீர்மானிக்கிறது. அதோடு, கணவன் மனைவி இருவரில் ஒருவர் பிறந்த நாட்டின் வரிசையை மற்றவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். திருச்சியில் பிறந்த எச்-1பி ஊழியரின் மனைவி யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ, பெற்றோர் வேலை செய்து குடியிருந்த குவைத்திலோ பிறந்தவராக இருந்தால், குடும்பம் முழுவதும் இந்திய வரிசையை விட்டு அந்த நாட்டின் மிகக் குறுகிய வரிசைக்கு மாற முடியும். அப்போது எச்-4 வேலை அனுமதி என்ற இடைக்கால ஏற்பாட்டின் தேவையே ஒன்றிரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடக்கூடும். நிறுவனத்தின் வழக்கறிஞர் தாமாகக் கேட்பார் என்று எண்ணியிராமல், துணையின் பிறப்பிடத்தை அவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

தகுதி உறுதியானதும் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறைக்குப் படிவம் ஐ-765 வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தாளில் அனுப்பும் விண்ணப்பத்துக்கு 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 520 டாலர். இதன் பயனாகக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டையைத்தான் பேச்சுவழக்கில் 'ஈ.ஏ.டி.' என்கிறார்கள். விண்ணப்பத்துடன் ஐ-94 பதிவு, எச்-1பி ஒப்புதல் அறிவிப்பு, ஐ-140 ஒப்புதல் அறிவிப்பு, திருமணச் சான்று ஆகியவற்றின் நகல்கள் செல்ல வேண்டும். ஐ-140 மனு சட்டப்படி நிறுவனத்துக்கு உரியது என்பதால் சில நிறுவனங்கள் நகல் தர மறுப்பதுண்டு. மனுவின் பதிவு எண் தெரிந்திருந்தால் அதைக் குறித்து, நகல் ஏன் இல்லை என்ற விளக்கத்தை இணைக்கலாம் அல்லது ஊழியர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்த் துறையிடமே நகல் கேட்கலாம். திருமணச் சான்றைப் பொறுத்தவரை, கோயிலிலோ மண்டபத்திலோ வழங்கப்படும் ரசீதைவிடப் பதிவுத் துறையின் சான்றே ஐயத்துக்கு இடமளிக்காது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதால் பயணத்துக்கு முன்பே அதைப் பெற்றுவிடலாம்.

பெயர் குறித்துத் தமிழர் தனிக் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. முதலெழுத்தும் ஒற்றைப் பெயரும் கொண்ட நம் வழக்கம், குடும்பப் பெயர், தனிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும் அமெரிக்கப் படிவத்தில் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், தனிப் பெயர் இடத்தில் 'பெயர் அறியப்படவில்லை' என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து அச்சாகி, அதுவே வேலை அனுமதி அட்டைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் தொற்றிச் செல்கிறது. திருமணச் சான்றில் "ம. கயல்விழி" என்றும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிக்கப்பட்டும், பட்டச் சான்றிதழில் வேறொரு வடிவிலும் இருந்தால், ஒவ்வொரு அலுவலகத்திலும் இவர் ஒருவரே என்று நிறுவ வேண்டிவரும். சென்னையிலோ மதுரையிலோ கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் ஒரு நாள் அலைச்சல், இந்த நீண்ட தொல்லையைக் கடலுக்கு இப்பாலேயே முடித்துவிடும்.

அட்டை வந்த பின் கவனிக்க வேண்டியது அதில் அச்சிடப்பட்ட காலாவதித் தேதி. அது எச்-4 நிலையின் முடிவைத் தாண்டிச் செல்லாது. எச்-4 நிலையோ துணையின் எச்-1பி காலத்தைத் தாண்டிச் செல்லாது. இந்தச் சங்கிலியில் பலரும் அறியாத இன்னொரு கண்ணி உண்டு: நாட்டுக்குள் நுழையும்போது கடவுச்சீட்டு விரைவில் காலாவதியாக இருந்தால், விசாவில் மூன்று ஆண்டு மீதமிருப்பினும் ஐ-94 பதிவை அதிகாரி கடவுச்சீட்டின் தேதியோடு முடித்துவிடுவது வழக்கம். விசாவைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர், சட்டப்படி தங்கும் காலம் முன்பே முடிந்துவிட்டதை மாதக்கணக்கில் கழித்து அறிகிறார். ஆகையால் ஒவ்வொரு முறை நுழைந்ததும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

புதுப்பித்தல் விதிகள் அண்மையில் கடுமையாகிவிட்டன. காலாவதிக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தவர், எச்-4 நிலை நடப்பில் இருக்கும்வரை, பழைய அட்டையை வைத்து 540 நாட்கள் வரை வேலையைத் தொடரலாம் என்றிருந்த தானியங்கி நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பின்போ தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு இல்லை. இப்போது புதிய அட்டை வராமல் பழைய தேதி கடந்துவிட்டால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். சம்பளமற்ற விடுப்பு தருவதா, பணியிலிருந்து நீக்குவதா என்பது நிறுவனத்தின் விருப்பம். எச்-1பி மனுவுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தி 15 வேலை நாட்களில் முடிவு பெற வழியுண்டு, ஆனால் எச்-4 நீட்டிப்புக்கும் அதன் வேலை அனுமதிக்கும் அந்த விரைவு வழி இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி என்றே சொல்ல வேண்டும். புதுப்பிக்க 180 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளையே கடைசி நாளாகக் கருதி, துணையின் நிறுவனம் எச்-1பி நீட்டிப்பையும் அதே வாரத்தில் தாக்கல் செய்யும்படி வற்புறுத்துவதே இன்றைய நிலையில் செய்யத்தக்கது.

அட்டை செல்லுபடியாகும் காலத்தில் உரிமை விரிவானது. எந்த நிறுவனத்திலும், எந்தத் துறையிலும், முழு நேரமாகவோ பகுதி நேரமாகவோ வேலை செய்யலாம். சொந்தத் தொழில் தொடங்கி மற்றவரைப் பணிக்கும் வைக்கலாம். வேலையில் சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவனம் நிரப்ப வேண்டிய ஐ-9 என்னும் சரிபார்ப்புப் படிவத்துக்கு இந்த ஒரே அட்டை அடையாளத்துக்கும் அனுமதிக்கும் சேர்த்துச் சான்றாகும்; இதை விடுத்து வேறொரு குறிப்பிட்ட ஆவணம் வேண்டுமென்று நிறுவனம் வற்புறுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. சமூகப் பாதுகாப்பு எண்ணை ஐ-765 படிவத்திலேயே கேட்டுப் பெறலாம். சம்பளத்தில் 6.2 விழுக்காடு சமூகப் பாதுகாப்புக்கும் 1.45 விழுக்காடு மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கப்படும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், பொதுவாகப் பத்தாண்டுப் பணிக்கு ஈடான 40 புள்ளிகள் சேராமல் திரும்புவோருக்கு அந்தத் தொகையால் ஓய்வூதியம் கிடைக்காது. மருத்துவம், செவிலியம், பள்ளி ஆசிரியப் பணி, சட்டம் போன்றவற்றுக்கு மாநில உரிமம் தனியாக வேண்டும்; அட்டைக்காகக் காத்திருக்கும் காலத்திலேயே அதற்கான தேர்வுகளை எழுதிவிடுவது காலத்தை வீணாக்காத வழி. எச்-4 விசாவில் படிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

அட்டை இல்லாதவர் எதைச் செய்யலாம் என்ற கேள்விக்கு விடை குறுகியது. வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை, ஊரில் உள்ள வீட்டு வாடகை ஆகியவை உழைப்புக்கான கூலி அல்ல என்பதால் தடையில்லை. கோயில், நூலகம், தமிழ்ப் பள்ளி போன்ற இலாப நோக்கற்ற இடங்களில், வழக்கமாகவே தொண்டர்கள் செய்யும் பணியைக் கூலியின்றிச் செய்யலாம். ஆனால் இலாப நிறுவனம் ஒன்றில் "அனுபவத்துக்காகச் சம்பளமின்றி" வேலை பார்ப்பது தொழிலாளர் சட்டத்துக்கும் குடியேற்றச் சட்டத்துக்கும் ஒருங்கே புறம்பாகக்கூடும். அடுக்ககத்தில் தோசை மாவு அரைத்து விற்பது, அண்டை வீட்டுக் குழந்தைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்வது, வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு பரதநாட்டியமோ வாய்ப்பாட்டோ கற்பிப்பது ஆகியவை எவ்வளவு சிறிய தொகைக்கானாலும் அனுமதியற்ற வேலையாகவே கருதப்படும். கையில் காசாக வாங்கினால் கணக்கில் வராது என்ற எண்ணம் வரிச் சட்டத்தையும் சேர்த்து மீறுவதில் முடியும். சென்னை நிறுவனத்துக்கு மடிக்கணினி வழியே வேலை பார்த்து இந்திய வங்கிக் கணக்கில் சம்பளம் பெறுவது பற்றி மாறுபட்ட கருத்துகள் உலவுகின்றன. எனினும் வேலை என்பதை விதி 'அமெரிக்க எல்லைக்குள் செய்யப்படும் உழைப்பு' என்றே வரையறுப்பதால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே பார்க்கப்படும் என்று கொள்வதுதான் பாதுகாப்பானது. விதியை மீறியவர் எச்-4 நிலையை இழக்கிறார், பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பமும் பாதிக்கப்படுகிறது. வேலை அடிப்படையிலான விண்ணப்பங்களில் மொத்தம் 180 நாட்களுக்கு மிகாத மீறலைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பிரிவு உண்டு. அது நடந்துவிட்ட தவறுக்கு மருந்தேயன்றி முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் திட்டம் ஆகாது.

இயலுமானால் எச்-4 துணைவர் தமக்கென்று ஓர் எச்-1பி நிலையைப் பெற முயல்வது நன்று. ஆண்டுக்கு 85,000 இடங்களுக்கான பதிவு மார்ச் மாதத்தில் நடந்து குலுக்கலில் தேர்வாகிறது; பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த ஆய்வு அமைப்புகளுக்கும் இந்த உச்சவரம்பு இல்லை என்பதால் அங்கே ஆண்டு முழுவதும் வாய்ப்புண்டு. எச்-4 நிலையில் கழிந்த காலம் எச்-1பி நிலைக்குரிய ஆறு ஆண்டுகளில் கழிக்கப்படுவதில்லை. புதிய எச்-1பி மனுக்களுக்கென 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணம், நாட்டுக்குள் இருந்தபடியே நிலை மாற்றம் கோரி அது ஏற்கப்படுவோருக்குப் பொருந்தாது என்று அடுத்த மாதமே குடியேற்றச் சேவைத் துறை விளக்கமளித்தது. இருவரும் தனித்தனி எச்-1பி வைத்திருந்தால், ஒருவர் வேலை இழக்கும்போது மற்றவரைச் சார்ந்து எச்-4 நிலைக்கு மாறிக்கொள்ள முடியும். மனைவி எச்-4 அட்டையில் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும், கணவர் வேலை இழந்தால் அதிகபட்சம் 60 நாள் சலுகைக் காலம்தான் இருவருக்கும் உள்ளது. அந்நாட்களில் அட்டையில் தேதி மீதமிருப்பதை மட்டும் நம்பி வேலையைத் தொடராமல் வழக்கறிஞரிடம் கேட்டறிவது அவசியம்.

மணமுறிவு நேர்ந்தால், பிரிந்து வாழத் தொடங்கிய நாளில் அன்றி, நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கும் நாளில் எச்-4 நிலை முடிகிறது. அதோடு வேலை உரிமையும் முடிகிறது. விசாவைக் காட்டி மிரட்டி, அடித்தோ கொடுமைப்படுத்தியோ துணையை அடக்கிவைக்க முயல்வோர் உண்டு என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச் உள்ளிட்ட சில வகை விசாக்காரரின் கொடுமைக்கு ஆளான துணைவர், ஐ-140 இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐ-765வி என்னும் தனிப் படிவத்தின் வழியாகத் தம் பெயரிலேயே வேலை அனுமதி கேட்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்குக் கொடுமை செய்தவரின் கையெழுத்தோ ஒத்துழைப்போ வேண்டியதில்லை, விண்ணப்பம் குறித்து அவருக்குத் தகவல் தருவதும் தடுக்கப்பட்டுள்ளது. இத்தகைய நிலையில் இருப்பவர் விவாகரத்து ஆவணம் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன்பாகக் குடும்ப வழக்கறிஞரை மட்டுமன்றிக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொள்ள வேண்டும். ஐ-94, எச்-1பி, ஐ-140, திருமணச் சான்று ஆகியவற்றின் நகல்களைத் துணை அறியாத மின்னஞ்சல் கணக்கொன்றில் இன்றே சேமித்து வைக்க வேண்டும்.